மாலை போட்டால் விட முடிகிறது, மற்ற நாளில் ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 42. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்லூரியில் தொடங்கிய சிகரெட், பல வருடம் நாளைக்கு நாலைந்தோடு நின்றது. கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாளும் தொட மாட்டேன். ஆறு வருடம் தொடர்ந்து அப்படி இருந்திருக்கிறேன், மாலை கழற்றிய மறுநாள் மறுபடி தொடங்கிவிடும். இரண்டு வருடமாக நாளைக்கு 16, 17 என்று ஆகிவிட்டது. காலையில் பல் தேய்க்கும் முன்பே ஒன்று வேண்டும். காபி ஐந்தாறு தடவை. சனிக்கிழமை நண்பர்களோடு பீர். மூன்று முறை விட்டுப் பார்த்தேன்: நாலு நாள், ஒன்பது நாள், கடைசியாக மூன்று வாரம். முதல் இரண்டு தடவையும் தூக்கமில்லை, ஒரே எரிச்சல், எட்டாவது படிக்கும் மகளிடம் கத்தினேன். மூன்றாவது தடவை எரிச்சல் அடங்கியது. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது, காலையில் எழவே மனமில்லை. ஒரு சிகரெட் பிடித்ததும்தான் மனுஷன் ஆனேன். மன உறுதி இல்லை என்கிறார்கள் நண்பர்கள். மகள் மேல் பாசம் இருந்தால் விட்டிருப்பீர்கள் என்கிறார் மனைவி. என் மனதைப் பிடித்து நிறுத்தியிருப்பதே இந்தச் சிகரெட்தானா? மனநல மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா? இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் அப்பா தவறிவிட்டார். அந்த வருடம் மாலை போடவில்லை, அடுத்த வருடமும் மனம் வரவில்லை. அப்பா தவறிய அன்று மதியம் கம்பெனியில் பையர் ஆடிட். அப்பா இரண்டு முறை போன் செய்திருந்தார், நான் எடுக்கவில்லை.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சிகரெட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, அப்பாவைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாலைந்தாக இருந்தது பதினாறாக ஏறி இரண்டு வருடம். அப்பா போயும் இரண்டு வருடம். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதிவிட்டு, ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற ஆண்களில் பலர் இப்படித்தான் சொல்வார்கள். "டென்ஷன் சார், வேலை ஜாஸ்தி" என்பார்கள். எப்போதிலிருந்து என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான் ஒரு சாவோ, ஒரு பிரிவோ, தொழிலில் ஒரு பெரிய அடியோ வெளியே வரும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஷிப்மென்ட் தேதி காத்திருக்கிறது, வேலைக்குப் போயாக வேண்டும். அழுவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. கம்பெனியில் ஒருவர் ஐந்து நிமிடம் யாரோடும் பேசாமல் தனியாக நின்றால், நாலு பேர் வந்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். கையில் சிகரெட் இருந்தால் ஒருவரும் கேட்பதில்லை. பின் கேட்டுக்குப் போய் நின்று ஆழமாக இழுத்து மெதுவாக விட்டுவிட்டு வரலாம். நாளைக்குப் பதினாறு தடவை உங்களுக்குத் தேவைப்பட்டதில் ஒரு பங்கு நிகோடின். இன்னொரு பங்கு, அந்தத் தனிமையும் அந்த மூச்சும். விடப் போகும்போது அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். அதே நேரத்துக்கு எழுந்து போங்கள், வேறு இடத்தில் போய் நில்லுங்கள், அதே போல மூச்சை இழுத்து விடுங்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும்.

அடுத்து மன உறுதி. நண்பர்கள் சொல்வது தவறு என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. ஆறு வருடம், வருடத்துக்கு 41 நாள் நீங்கள் சிகரெட்டைத் தொடவில்லை. உறுதி இல்லாதவரால் இது முடியாது. அப்படியென்றால் மாலை போட்டபோது என்ன இருந்தது, மற்ற நாளில் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளிக்கிறீர்கள். வீட்டிலேயே உங்களை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். பெட்டிக்கடைக்காரர்கூடச் சிகரெட்டை எடுத்து நீட்ட மாட்டார். பீர் கிடையாது. பஜனை, கூட ஒரு கூட்டம், கண்ணுக்கு முன்னால் ஒரு முடிவு தேதி. இது போதாது, இன்னும் முயற்சி செய் என்று யாரும் குத்திக் காட்டுவதில்லை. ஊரே சேர்ந்து உங்களைத் தாங்கியது. மாலை கழற்றிய மறுநாள் அத்தனையும் ஒரே அடியாகக் கழன்றுவிட்டது, பழைய டீக்கடையும் பழைய கூட்டமும் அங்கேயே இருந்தன. 41 நாளில் உடம்பின் நிகோடின் தவிப்பு தீர்ந்துபோயிருக்கும். அப்படியும் சிகரெட் திரும்பி வந்ததென்றால், அதை அழைத்து வந்தது உங்களைச் சுற்றியிருந்த வாழ்க்கை.

அப்பா தவறிய வருடம், துக்க வீட்டு வழக்கப்படி, மாலை போடவில்லை. வருடத்தில் உங்களுக்கென்று இருந்த ஒரே இடைவெளி, அது மிகவும் தேவைப்பட்ட வருடத்தில் இல்லாமல் போனது. இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, சிகரெட்தான் உங்கள் மனதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறதா? அப்படித் தோன்றுவது பொய்யில்லை. ஒரு இழுப்பு இழுத்தால் சுமார் பத்து வினாடியில் நிகோடின் மூளையைத் தொடுகிறது, அங்கே டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, இதம் வருகிறது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நாள் முழுக்க நிகோடினுக்குப் பழகிய மூளை அந்தக் குறைவைப் பொறுக்காது. பரபரப்பு, எரிச்சல், கவனம் நிற்காமை. அந்த நேரத்தில் பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தால், மெயிலால்தான் டென்ஷன் என்று நினைப்பீர்கள். ஒரு சிகரெட் பிடித்ததும் அடங்கும். அடங்கியதில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் விட்டுப்போன தவிப்பு. தண்டலுக்குப் பணம் வாங்கிப் பழைய தண்டலைக் கட்டுகிற கதை உங்கள் ஊரில் தெரியாதது இல்லை. கட்டிய அன்று நிம்மதியாகத்தான் இருக்கும். இரவு முழுக்க நிகோடின் கிடைக்காததால் காலையில் இந்தப் பற்றாக்குறை உச்சத்தில் இருக்கிறது. பல் தேய்க்கும் முன் ஒன்று தேவைப்படுவது அதனால்தான். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான், ஃபாகர்ஸ்ட்ராம் என்ற சோதனைப்படி உடம்பு எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறது என்று காட்டும் முக்கியமான கேள்வி. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அதற்கு முழு மதிப்பெண். அதாவது, நாலைந்து பிடித்த காலத்து உடம்பு இல்லை இப்போது உங்களுடையது. அன்று மாலை மட்டும் போதுமாக இருந்திருக்கலாம். இன்று கூடவே மருந்தும் வேண்டும்.

நீங்கள் பயப்படுகிற மாதிரி, விட்டவர்களின் மனம் உடைந்துபோகிறதா என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 102 ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து புகைத்தவர்களைவிட, விட்டவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களுக்கும் விட்டதால் மனம் மோசமாகவில்லை. "சில வாரங்கள் கழித்து" என்பதுதான் இதில் முக்கியம். நீங்கள் முதல் இரண்டு தடவையும் திரும்பிய நாலாவது நாளும் ஒன்பதாவது நாளும் தவிப்பு கடுமையாக இருக்கும் நாட்கள். முதல் வாரம்தான் மிக மோசம். மூன்று நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பாதி ஆற்றில் நின்று தண்ணீரின் ஆழத்தைக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி பெற்ற காலத்தில் வார்டில் நோயாளி சொன்னபடி கேட்டால் பரிசாக ஒரு சிகரெட் கொடுப்பார்கள். மனநோயாளிக்கு இருப்பது இந்த ஒரு சந்தோஷம், அதையும் பிடுங்க வேண்டுமா என்பார்கள் பெரியவர்கள். நானும் நம்பினேன். மனச்சோர்வோடு வந்த எத்தனையோ பேரிடம் "சிகரெட்டை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அதில் சிலர் மனம் தேறி வேலைக்குத் திரும்பி, பிறகு நெஞ்சு நோயிலும் புற்றுநோயிலும் போனார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறேன்.

உங்கள் மூன்றாவது முயற்சிக்கு வருகிறேன். எரிச்சல் அடங்கிய பிறகு, மூன்றாவது வாரத்தில், எதிலும் பிடிப்பில்லை, எழ மனமில்லை என்கிறீர்கள். இது வெறும் நிகோடின் தவிப்பு மாதிரி எனக்குப் படவில்லை. தவிப்பு நாளாக நாளாகக் குறையும், உங்களுக்கோ வேறொன்று மேலே வந்திருக்கிறது. இரண்டு வருடமாகப் புகைக்கு அடியில் கிடந்த துக்கமாக இருக்கலாம், அது மனச்சோர்வு நோயாகவே மாறியும் இருக்கலாம். பெரும்பாலான நாட்கள், இரண்டு வாரமாவது, மனம் சோர்ந்தோ முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமலோ இருந்தால், கூடவே தூக்கம், பசி, தன்மேல் குற்ற உணர்வு இவையும் கெட்டிருந்தால், மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. கடிதத்தை வைத்து நான் நோய் சொல்ல முடியாது, நேரில் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், கட்டணம் கிடையாது. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது, தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமும் உடனே சொல்லுங்கள்.

மாத்திரை வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. யார் துணையும் மருந்தும் இல்லாமல் விடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் விட்டபடியே இருக்கிறார்கள். மற்ற தொண்ணூற்றைந்து பேரும் பாசமில்லாதவர்களா?

நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். பலர் இதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுவிட்டு, நெஞ்செரிகிறது, பிரயோஜனமில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்று வந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்த உடனே போட்டால் சரியாக உறிஞ்சாது, கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு.

மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மாத்திரைகள் இரண்டு: வரெனிக்ளின், புப்ரோபியான். புப்ரோபியான் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்பதால் உங்கள் மருத்துவர் அதை யோசிக்கலாம். வலிப்பு வந்தவர்களுக்கு அது கூடாது, சிறு வயதில் வந்திருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். வரெனிக்ளின் மனதைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே அதன் மேல் கடும் எச்சரிக்கை போட்டது. பிறகு 8,144 பேரை வைத்து ஈகிள்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மனநோய் இருந்தவர்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது மனநலப் பாதிப்பு குறிப்பிடும்படி கூடவில்லை, சிகரெட்டை விட வைத்ததில் வரெனிக்ளினே முதலில் நின்றது. 2016 கடைசியில் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்.

வேறு வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குளோசபின், ஒலன்சபின் என்ற மனநோய் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் யாராவது திடீரென்று சிகரெட்டை விட்டால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலை முடுக்கி இந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன. புகை நின்றதும் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும். அளவைக் குறைத்துத் தர வேண்டியிருக்கும், நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

இதே கணக்கு உங்கள் காபிக்கும் பொருந்தும். புகைக்கிறவர் உடம்பு காஃபினை வேகமாகக் கரைக்கும். விட்ட பிறகு அதே ஐந்தாறு காபி, ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும், பழி சிகரெட்டை விட்டதன் மேல் விழும். உங்கள் முதல் இரண்டு முயற்சியில் தூக்கம் போனதில் காபிக்குப் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விடுகிற நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள், மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை பீரும் சில மாதம் வேண்டாம். இரண்டாவது கிளாஸில் "ஒண்ணே ஒண்ணு" என்று நீளும் கையைத் தடுக்க யாராலும் முடியாது. சிகரெட்டுக்குப் பதில் பொட்டலப் புகையிலையை வாயில் அடக்குவதோ, 2019இல் நம் நாட்டில் தடை செய்த இ-சிகரெட்டைத் தேடிப் போவதோ உதவாது.

உங்கள் மனைவிக்கு இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் கோபம் பயத்திலிருந்து வருகிறது, மாமனாரை மாரடைப்பில் பறிகொடுத்த வீடு அது. ஆனால் "பாசம் இருந்தால்" என்ற வார்த்தை குற்ற உணர்வைத்தான் கூட்டும், குற்ற உணர்வோடு பின் கேட்டுக்குப் போகிறவர் ஒன்றுக்கு இரண்டாகப் பிடித்துவிட்டு வருவார். மகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: "முதல் பத்து நாள் அப்பா கொஞ்சம் சிடுசிடுப்பாக இருப்பேன், உன் மேல் கோபம் இல்லை." பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு இது நன்றாகப் புரியும்.

எடுக்காத அந்த இரண்டு போன் அழைப்புகளைப் பற்றி உங்கள் மனைவிக்குத் தெரியுமா? எனக்கென்னவோ தெரியாது என்று தோன்றுகிறது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு மருத்துவத்தில் பதில் கிடையாது. அதற்குப் பதில் தேடித்தான் இரண்டு வருடமாகத் தனியாகப் போய் நிற்கிறீர்களோ என்று நினைக்கிறேன். வேலை நேரத்தில் போனை எடுக்காதது, பையர் முன்னால் நிற்கும் எந்த மகனும் செய்வது. அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும், அவரும் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தவர்தானே. இதை நான் எழுதி நீங்கள் படிப்பதைவிட, நீங்கள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் முக்கியம். மனைவியிடம், அம்மா இருந்தால் அம்மாவிடம், முடியாவிட்டால் மருத்துவரிடம். சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும்.

நாள் குறிப்பதைப் பற்றி. ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். இந்தக் கார்த்திகையில் மாலை போட மனம் வந்தால் அதைவிட நல்ல நாள் உங்களுக்கு இல்லை. ஆனால் வரெனிக்ளினோ புப்ரோபியானோ விடுகிற நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே தொடங்க வேண்டியவை. அதனால் ஐப்பசி பாதியிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இடையில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற புகையிலை விடுப்பு எண் இருக்கிறது, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சில்லறையாக வாங்குகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா என்று குருசாமியைக் கேட்பீர்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏறுகிற சாமிகளை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

வரெனிக்ளினைப் பொதுவாக 12 வாரம் கொடுப்பார்கள். ஒரு வாரம் முன்பு தொடங்கி, 41 நாள் விரதமும் முடிந்து மாலை கழற்றும்போது, இன்னும் ஐந்து வாரத்து மாத்திரை மிச்சமிருக்கும். ஆறு வருடமும் நீங்கள் தடுக்கியது மாலை கழற்றிய மறுநாள். இந்தத் தடவை அன்றைக்கு டீக்கடைப் பக்கம் போகாமல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கி வையுங்கள், மனைவியையும் கூட்டிப் போங்கள்.